ஆட்டைத் தேடி ஐந்து நாள்

புதன் இரவு, போன்டியாக், இல்லினாய்

கிளம்பும்போது மனைவி கேட்டாள், எங்கே சுற்றிவிட்டுப் போகப் போகிறீர்கள் என்று. ஆட்டைப் பார்க்க என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை, ஏனென்றால் ஆடு யாரென்று அவளுக்கும் தெரியும். சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1966ஆம் வருட போன்டியாக் ஜிடிஓ கார் ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு காலையில் அதைக் கிளப்பினால் எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஜிடிஓ என்ற மூன்று எழுத்தையும் இடம் மாற்றி நடுவில் ஓர் 'ஏ' செருகினால் இங்கிலீஷில் ஆடு, அதனால் அதை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது 'கோட்'தான். போன வருடம் முழங்கால் ஒத்துழைக்காமல் கிளட்ச் மிதிக்க முடியாமல் போய் வண்டியை விற்றுவிட்டார். அதிலிருந்து எங்கள் தெருவில் ஞாயிறு காலை ரொம்ப அமைதி, எனக்கு அது பிடிக்கவில்லை.

மச்சினனுக்கு டெட்ராயிட் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, மின்சாரக் கார்களுக்கு பேட்டரி செய்கிற இடத்தில். திங்கட்கிழமை சேர வேண்டும். மூட்டை முடிச்சோடு கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. "மாமா, நேரா போனா அஞ்சு மணி நேரம்" என்றான். நான் புதன்கிழமையே கிளப்பிவிட்டேன், அதுவும் எதிர்த் திசையில். சனிக்கிழமை டெட்ராயிட்டில் உட்வர்டு சாலையில் பழைய கார் ஊர்வலம், அதற்கு முன்னால் வழியில் பார்க்க வேண்டியவை இருக்கின்றன என்று விளக்கினேன். பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான்.

முதல் நிறுத்தம் தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் வரும் போன்டியாக் என்கிற சின்ன ஊர். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை மேல் இருக்கிறது. இந்த ஊரில் கார் எதுவும் செய்யவில்லை, அது மிச்சிகனில் உள்ள இன்னொரு போன்டியாக். இரண்டுக்கும் பெயர் வந்தது 1763இல் டெட்ராயிட் கோட்டையை முற்றுகையிட்ட ஒடாவா இனத் தலைவரிடமிருந்து. பெயர் ஒன்றாக இருந்ததனால் 2011இல் நீதிமன்றச் சதுக்கத்துக்கு எதிரே போன்டியாக் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வந்துவிட்டது. கார்களைவிட எனக்குப் பிடித்தது அங்கே சேர்த்து வைத்திருக்கிற காகிதங்கள். விளம்பரத் தாள், ரிப்பேர் புத்தகம், டீலருக்குக் கொடுத்த வண்ணப் பட்டியல் என்று குவிந்து கிடக்கின்றன.

அதையெல்லாம் பார்த்தபடி மச்சினனுக்கு ஜிடிஓ பிறந்த கதை சொன்னேன். 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, இனி எந்தப் பிரிவும் பந்தயத்தில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதில் ஒரு பிரிவான போன்டியாக்கின் பெயரே பந்தயத்தால் வந்த பெயர், கைகட்டி உட்கார்ந்தால் கதை முடிந்தது. இன்னொரு விதியும் இருந்தது: நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது, அதாவது சுமார் 5.4 லிட்டர். அப்போது தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவரோடு பில் காலின்ஸ், ரஸ்ஸல் கீ. புது டெம்பெஸ்ட் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் நின்று பார்த்தபோது காலின்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதில் உட்கார்ந்திருக்கிற 326 கன அங்குல எஞ்சினும் பெரிய காரில் வருகிற 389ம் வெளி அளவில் ஒன்றுதான், அதே தாங்கிகளில் அப்படியே உட்காரும்.

சரி, விதியை என்ன செய்வது? விதி காரின் அடிப்படை வடிவத்துக்குத்தான், வாடிக்கையாளர் கூடுதலாகக் காசு கொடுத்துக் கேட்கிற சாமானுக்கு இல்லை என்று படித்துக்கொண்டார்கள். நம் ஊர் பத்திரப்பதிவு எழுத்தர் தோற்றார். டெம்பெஸ்ட்டின் உயர்ந்த வகையான லெமான்ஸ் காரை 1964 மாடலில் வாங்குபவர் முந்நூறு டாலருக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்துக் கொடுத்தால் 389 எஞ்சின், 325 குதிரைத் திறன். மூன்று கார்புரேட்டர் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு, குதிரைத் திறன் 348. ஜிடிஓ என்ற பெயரை டிலோரியன் ஃபெராரியிடமிருந்து எடுத்தார், கூச்சமே படாமல். விற்பனைப் பிரிவு 5,000 போனால் போதும் என்று அரைமனதோடு ஒத்துக்கொண்டது. அந்த வருடம் போனது 32,450.

"அப்போ ஜிடிஓன்னு தனி காரே இல்லையா மாமா?" என்றான். 1966 வரை இல்லை, படிவத்தில் ஒரு டிக் என்றேன். அந்தக் கேள்வி ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. (கடைசி வரி ஞாயிறு இரவு சேர்த்தது.)

வியாழன், ஹிக்கரி கார்னர்ஸ், மிச்சிகன்

இந்தியானா முழுக்க மழை. வைப்பர் சத்தத்தைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. மிச்சிகனுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் தள்ளிப் போனதில் மதியச் சாப்பாடு தப்பியது.

கலமசூவுக்கும் பேட்டில் கிரீக்குக்கும் நடுவே வயல்வெளியில் கில்மோர் கார் அருங்காட்சியகம். சிவப்புக் களஞ்சியங்களுக்குள் கார்கள், வளாகத்துக்குள்ளேயே 1941ஆம் வருடத்து ரயில் பெட்டி மாதிரியான டைனர் ஒன்று. இரண்டு மணி நேரம் சுற்றினோம், ஆனால் இன்றைய நாளின் சரக்கு உள்ளே இல்லை, வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தது. மழை விட்டதும் ஒருவர் தன் 1970 ஷெவல் எஸ்எஸ் காரைத் துண்டால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல. ஷெவல், லெமான்ஸ், ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் நான்கும் ஒரே அடிச்சட்டத்துச் சகோதரர்கள். ஜிடிஓ காசு பார்த்ததும் மற்ற மூன்று வீட்டிலும் அதே சமையல் தொடங்கியது. 1970இல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் உச்சவரம்பை எடுத்துவிட, ஷெவலுக்கு 454 கன அங்குலம் வந்தது, அதில் பெரியதற்கு 450 குதிரைத் திறன்.

அவர் அண்ணன் அந்தக் காலத்தில் இதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கி, ஒரே வருடத்தில் விற்றாராம். கார் தவணையைவிட இன்சூரன்ஸ் அதிகமாகிவிட்டதாம், இருபத்திரண்டு வயது, கல்யாணமாகாதவர், கேட்கவா வேண்டும். பெரிய எஞ்சின் போட்ட இந்த மாதிரி 'மசில் கார்'களைக் கொன்றது 1973 எண்ணெய்த் தட்டுப்பாடு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது வருவதற்குள் பாதி உயிர் போயிருந்தது. 1970இலேயே தூய காற்றுச் சட்டம், 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக எஞ்சின்களின் அமுக்க விகிதத்தை இறக்கினார்கள், இன்சூரன்ஸ்காரர்கள் ஏற்கெனவே பையன்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷெவல்காரர் கிளப்பிக் காட்டினார். மச்சினன் காதிலிருந்ததைக் கழற்றினான், பயணத்தில் முதல் தடவையாக. அப்புறம் எனக்கு வகுப்பு எடுத்தான். எட்டு சிலிண்டரும் சம இடைவெளியில்தான் வெடிக்கின்றன, ஆனால் இடது நாலு, வலது நாலு என்று பிரித்துக் கேட்டால் சமமாக இல்லை. ஒரு பக்கத்தில் இரண்டு அடுத்தடுத்து வெடித்துவிடும், அப்புறம் ஓர் இடைவெளி விழும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் குழாய் என்பதால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே வெளியே வருகிறது. அதாவது இது நொண்டுகிற தாளம். ஃபெராரியின் வி8 இப்படி நொண்டாது, சீராகக் கத்தும். நொண்டிச்சிந்துக்கு இப்படி ஒரு வாத்தியம் இருக்கிறது என்று தெரியாமலே நம் புலவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தம்னா வீணாப்போன சக்தி மாமா" என்றான். பேட்டரிக்காரன்.

வெள்ளி, போன்டியாக், மிச்சிகன்

காலையில் லான்சிங்கில் ஓல்ட்ஸ் அருங்காட்சியகம், அவசரமாக. ஓல்ட்ஸ்மொபீலின் 442 என்ற காரின் பெயர் நாலு வாய் கார்புரேட்டர், நாலு கியர், இரண்டு சைலன்சர் என்பதிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் மச்சினனுக்கு ஒரே திருப்தி, பொறியாளர் வைத்த பெயர் என்றான்.

வழியில் மில்ஃபோர்டு. ஜெனரல் மோட்டார்ஸின் சோதனைக் களம் இங்கேதான், 1924இலிருந்து. அந்த டெம்பெஸ்ட்டைத் தூக்கி நிறுத்தி அடியில் நின்று பேசிய இடம். நான் சுற்றி வளைத்து அந்தப் பக்கம் ஓட்டிப் போனேன். வேலியும் மரமும்தான் தெரிந்தன. வேலியையாவது பார்த்தோமே என்றேன். அவன் வேலியைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான்.

போன்டியாக் நகரத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்று ஹோட்டலில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். ஊர் நடுவே சுற்றி வருகிற சாலைக்கு முன்பு 'வைட் டிராக்' என்று பெயர். 1959இல் சக்கரங்களை அகலமாகத் தள்ளி வைத்துவிட்டு அதையே போன்டியாக் விளம்பர வாசகமாக்கியது, ஊர் அந்த வாசகத்தை எடுத்து ரோட்டுக்குச் சூட்டிக்கொண்டது. கம்பெனிக்கும் ஊருக்கும் அவ்வளவு ஒட்டு. இப்போது அந்தப் பெயரும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் திவாலான 2009இல் போன்டியாக் என்ற பெயரையே மூடப் போவதாக அறிவித்தார்கள், அடுத்த வருடம் முடிந்தது. அதே காலத்தில் நகராட்சியின் கஜானாவும் காலியாகி, மாநில அரசு அனுப்பிய அதிகாரி ஊரை நடத்தினார். காலியிடங்கள், புல் முளைத்த கான்கிரீட் தளம், நடுநடுவே புதிதாகத் திறந்த காபிக் கடை. திருப்பூரில் பெரிய மில் மூடிய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிது இல்லை, மில் சங்கு ஊதாத காலை மாதிரிதான்.

பெட்ரோல் பங்கில் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் இருந்தவராம். ஜிடிஓ பற்றி ஆர்வமாகக் கேட்டால், அவர் பேசியது லாரியைப் பற்றித்தான், எனக்குச் சோறு போட்டது லாரி என்றார். பழைய காரைத் தடவிப் பார்க்கிற நம் ஆசைக்கும் அதைச் செய்தவரின் முதுகு வலிக்கும் பெரிய உறவு கிடையாது போல.

சனி, உட்வர்டு

காலை ஏழு மணிக்கே மடக்கு நாற்காலிகள் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். டிராய் நகரத்தில் இருக்கும் என் கல்லூரி நண்பன் குடும்பத்தோடு வந்து எங்களுக்கும் இரண்டு நாற்காலி போட்டிருந்தான். அவன் மனைவி புளியோதரையும் வடாமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்ரீரங்கம் தேருக்கு முன்வரிசை கிடைத்த மாதிரி இருந்தது. தேர் ஒன்று இல்லை, நாற்பதாயிரம் என்று மட்டும் வித்தியாசம். வருடா வருடம் கிட்டத்தட்ட அத்தனை கார்களும் பத்து லட்சம் பேரும் வருகிறார்கள் என்பது இங்கே பொதுவாகச் சொல்கிற கணக்கு. 1995இல் ஃபெர்ண்டேல் ஊரில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கக் காசு சேர்க்கத் தொடங்கியது, ஆகஸ்ட் மூன்றாம் சனி தோறும் நடக்கிறது.

ஏன் உட்வர்டு என்றால், டெட்ராயிட் ஆற்றங்கரையிலிருந்து போன்டியாக் வரை நூல் பிடித்த மாதிரி போகிற சாலை இது. 1909இல் இதில்தான் ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் போட்டார்கள், நாட்டிலேயே முதல் கான்கிரீட் மைல் என்று பெயர். நடுவில் அகலமான புல் திட்டு, இரண்டு பக்கமும் நாலு நாலு வரிசை, சிக்னலுக்கு சிக்னல். அறுபதுகளில் ராத்திரி ஆனால் சிக்னலில் பச்சை விழுவதுதான் பந்தயக் கொடி. கம்பெனிப் பொறியாளர்களே வெளிவராத வண்டிகளை இங்கே கொண்டுவந்து ஊர்ப் பையன்களோடு ஓட்டிப் பார்ப்பார்களாம். பக்கத்தில் ராயல் ஓக்கில் இருந்த ராயல் போன்டியாக் டீலர், ஜிடிஓவை இன்னும் முடுக்கிக் கொடுப்பதில் பேர் போனவர். ஜிம் வாங்கர்ஸ் என்ற விளம்பரக்காரர் 1964இல் ஒரு பத்திரிகைச் சோதனைக்கு அனுப்பிய ஜிடிஓ 4.6 வினாடியில் அறுபது மைல் வேகம் தொட்டதாக அச்சாகி நாடே பேசியது. அந்த வண்டியில் இருந்தது 389 இல்லை, அதைவிடப் பெரிய 421 என்று பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். சொன்னேனே, வெளியே பார்த்தால் எல்லா எஞ்சினும் ஒன்றுதான்.

இன்றைக்குக் கிடைத்த பெரிய வரத்துக்கு வருகிறேன். நண்பனின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், 1965 ஜிடிஓ வைத்திருக்கிறார். அவர் அப்பா போன்டியாக்கில் தொழிலாளி, மகளுக்கு விட்டுப்போன சொத்து இது. இரண்டு பேர் ஏறுங்கள் என்றார். நான் முன்னால், மச்சினன் பின்னால். 1965இல்தான் முகப்பு விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், என் கண்ணுக்கு அதுதான் லட்சணம். 1969இல் வந்த ஆரஞ்சு நிற 'ஜட்ஜ்' ஜிடிஓ பெரிய புகழ் பெற்றது, எனக்கு அது கல்யாண பேண்டு செட் சீருடை.

தோள் பட்டை கிடையாது, இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை. ரெக்சின் சீட்டு வெயிலில் தோசைக்கல். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் ஊர்ந்தோம், எஞ்சின் சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. அந்த அம்மா சாவகாசமாக ஹீட்டரை முழுதாகத் திருகினார். ஆகஸ்ட் வெயிலில்! எஞ்சின் சூட்டைத் தணிக்க வேறு வழியில்லை, அந்தச் சூட்டை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டோம். முன் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு கார் இடைவெளி விட்டே ஓட்டினார். நாலு சக்கரமும் டிரம் பிரேக், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் 1967இல்தான் காசு கொடுத்தால் கிடைத்தது. எட்டு சிலிண்டரை வைத்துவிட்டு அதை நிறுத்துவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பர்மிங்ஹாம் தாண்டி கூட்டம் விலகியது. பக்கத்துத் தெருவில் திரும்பி நெடுஞ்சாலை ஏறும் பாதையைப் பிடித்தார். இது மூன்று கார்புரேட்டர் வண்டி, சும்மா ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும், மற்ற இரண்டும் தூங்கும். ஆக்ஸிலேட்டரை ஓரளவுக்கு மேல் அழுத்தினால் அவை திறக்கும். திறந்தன. முதலில் சத்தம் வரவில்லை, பானெட்டுக்கு அடியில் ஏதோ மூச்சை இழுத்தது, அப்புறம் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அமுங்கி, நொண்டித் தாளம் எல்லாம் ஒன்றாக உருகி ஒரே குரலாகி, என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மச்சினன் மடியில் போய் விழுந்தது. எழுபதில் விட்டுவிட்டார். மொத்தம் எட்டு வினாடி இருக்குமா, தெரியவில்லை. வண்டிக்குள் எரியாத பெட்ரோல் வாசனை, சட்டையில் இன்னும் இருக்கிறது, துவைக்கப் போவதில்லை.

"இப்போ வர்ற குடும்ப எலெக்ட்ரிக் கார் ஒண்ணு இதை சிக்னல்லயே விட்டுட்டுப் போயிடும் மாமா" என்று இறங்கியதும் சொன்னான். சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கார் மெதுவாகப் போகும்போது ஒன்றுமே சொல்லாது. இது சிவப்பு விளக்கில் நின்றால்கூட ஸ்டியரிங் வழியாக, சீட் வழியாக, பல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, சூடாகிறேன், பசிக்கிறது, அந்தப் பக்கம் ஏதோ கழன்றிருக்கிறது பார் என்று. ஒருவர் அறுபது வருடம் அதைக் கேட்டுப் பழகிவிட்டால் எப்படி விற்பார்? பக்கத்து வீட்டுப் பெரியவர் விற்ற அன்று கராஜ் கதவைச் சாயங்காலம் வரை மூடவே இல்லை. அன்றைக்கு மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிறு இரவு, வீடு

மச்சினனின் அறையில் சாமான் இறக்கி, பால் காய்ச்சி, கிளம்புகிற நேரத்தில் அவனே சொன்னான், இருபது மைலில் ஒருவர் 1967 ஜிடிஓ விற்கிறார், போட்டோ பார்த்தேன், விலை குறைச்சல், சும்மா போய்ப் பார்க்கலாமா என்று. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்தான்.

பண்ணை வீடு. கொட்டகைக்குள் மங்கிய நீலத்தில் வண்டி, கிரில்லில் ஜிடிஓ எழுத்து, பக்கத்தில் ஜிடிஓ எழுத்து. மச்சினன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கீல் பக்கத் தூணில் அறைந்திருந்த தகட்டைப் போன் வெளிச்சத்தில் படித்தான். 1966லிருந்து ஜிடிஓ என்றால் அந்த எண் 242 என்று தொடங்க வேண்டும், வழியில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இது 237. லெமான்ஸ். யாரோ எழுத்து வாங்கி ஒட்டியிருக்கிறார்கள், பானெட்டையும் மாற்றியிருக்கிறார்கள். இப்படிப் பிறந்தவை ஏராளம், ஒரு தகடுதான் விலையைப் பாதியாக்குகிறது.

விற்கிறவர் சங்கடப்படவே இல்லை. என் அப்பா வாங்கும்போதே எழுத்து ஒட்டித்தான் இருந்தது என்றார். உள்ளே லெமான்ஸின் 326தானா, ஜிடிஓவின் 400ஆ என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை, பார்த்தும் சொல்ல முடியாது.

நான் திரும்பி நடந்தேன். மச்சினன் நகரவில்லை.

"1964இல இருந்ததும் லெமான்ஸ்தானே மாமா? பாரத்துல ஒரு டிக், அவ்வளவுதானே? இவங்க கொஞ்சம் லேட்டா டிக் போட்டிருக்காங்க."

பதில் சொல்ல வாய் வரவில்லை. விற்கிறவரிடம் கிளப்பிக் காட்டச் சொன்னான். மூன்றாவது முறைதான் பிடித்தது, கொட்டகைக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின.

நான்கு மணி நேரம் தனியாக ஓட்டிக்கொண்டு வரும்போது, கலமசூ பக்கத்தில் மனைவியிடமிருந்து செய்தி. தம்பி போன் பண்ணினான், மாசம் எவ்வளவு தவணை கட்ட முடியும்னு கேக்கறான், என்ன நடக்குது, ஆடு வாங்கியாச்சா?

வண்டியை ஓரம்கட்டிப் பதில் போட்டேன். ஆடு இல்லை. ஆட்டுத் தோல் போர்த்தின ஆடு. வந்து சொல்றேன்.